நைட்ரஜன் வராத வைகாசி

கல்யாண மண்டபங்களில் பெரியவர்கள் யாராவது, "எங்க கண்ணு வேலைக்குப் போறே?" என்று கேட்டால், "மாட்டுப் பண்ணையில லேபுங்க" என்று சொல்லிவிட்டுக் கோகிலவாணி பந்திப் பக்கம் நகர்ந்துவிடுவாள். அதற்கு மேல் விளக்கினால் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். ஆண்கள் வேறு பக்கம் பார்ப்பார்கள். பொலிகாளைகளின் விந்தைச் சேகரித்து, முட்டை மஞ்சள்கருவும் கிளிசராலும் கலந்த கரைசலில் சேர்த்து, ஈர்க்குச்சிப் பருமனுள்ள பிளாஸ்டிக் குழல்களில் அடைத்து, திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் காப்பது அவள் வேலை. பண்ணையில் அந்தக் குழல்களைக் குச்சி என்றே சொல்வார்கள்.

அந்த வேலைக்கு வெட்கப்படாத ஒரே ஆள் அவள் கணவன் திருமூர்த்திதான். அன்னூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பால் எடுக்கும் வேன் ஓட்டினான். "என்ர பொண்டாட்டி ஒரு மாசம் லீவு போட்டா, அடுத்த வருசம் இந்த வேனுக்குப் பாலே இருக்காது" என்று டீக்கடையில் உட்கார்ந்து சத்தமாகவே சொல்வான். கேட்டவர்கள் சிரித்தால் அவனும் சேர்ந்து சிரிப்பான்.

பண்ணை ஒரு மில் குடும்பத்தின் அறக்கட்டளைக்குச் சொந்தம். அன்னூருக்கு வெளியே, பருத்தி விளைந்த காட்டில் கொட்டகைகள் போட்டு நாட்டு மாடுகளுக்கென்று தொடங்கியிருந்தார்கள். அதை நடத்திவந்தவர் கிருபாசங்கர் என்ற கால்நடை விஞ்ஞானி. கூச்ச சுபாவம். கூட்டத்தில் பேசச் சொன்னால் வியர்த்துவிடும். காளைகளிடம் மட்டும் நாளெல்லாம் பேசிக்கொண்டிருப்பார். அவருக்கிருந்த ஒரே பிடிவாதம் பர்கூர் மலை மாடு. செம்மண் நிறத்தில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழுந்த மாடு அது. ஓட்டத்திலும் கோபத்திலும் அதற்கு ஈடில்லை. வருடத்துக்கு வருடம் அதன் எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தது. அந்த மலைக் காளைகளின் விந்து உறையவைத்தால் பிழைப்பதில்லை. உருக்கிப் பார்த்தால் உயிரணுக்கள் வாலை நீட்டியபடி செத்துக் கிடக்கும். கரைசலை மாற்றி, குளிர்விக்கும் வேகத்தை மாற்றி, அவரும் கோகிலவாணியும் சில வருடங்களை அதிலேயே செலவழித்தார்கள். கடைசியில் மற்ற மலைக்காளைகளுக்கு அரைகுறையாகவும், ஒரே ஒரு காளைக்கு நன்றாகவும் கூடிவந்தது. அதைப் பெரியவன் என்று கூப்பிட்டார்கள்.

பெரியவனைக் கொடுத்தவர் பர்கூர் மலையில் பட்டி வைத்திருந்த நஞ்சப்பன். அந்தியூர்ச் சந்தையில் டாக்டர் கிருபாசங்கர் அதைப் பார்த்து மூன்று நாள் பின்னாலேயே நடந்தார். நஞ்சப்பன் விற்கமாட்டேன் என்றுவிட்டார். கடைசியில் அவரே கயிற்றை நீட்டினார்.

"விக்க மாட்டேனுங்க சாமி. சும்மா கூட்டீட்டுப் போங்க. ஆனா இவன் கன்னுக எங்க மலைக்கே திரும்பி வரோணும். அத்த மட்டும் சொல்லிப்போட்டுப் போங்க."

"வருமுங்க" என்றார் டாக்டர்.

பெரியவன் பண்ணையில் நீண்ட நாள் இருக்கவில்லை. கொரோனா வந்த முதல் வருடம் மாடுகளுக்கும் ஒரு நோய் வந்தது. தோலெங்கும் கட்டி கட்டியாக எழும்பி, கால் வீங்கி, தீனி எடுக்காமல் நின்றன. ஊர்க்காரர்கள் அம்மை என்றார்கள். மற்ற காளைகள் தேறிக்கொண்டன. பெரியவன் தேறவில்லை. அதே பருவத்தில் நஞ்சப்பனின் பட்டியிலும் நோய் புகுந்து, பெரியவனின் தாயையும் கூடப்பிறந்தவற்றையும் கொண்டுபோயிற்று. தகவல் சொல்லப் போன் செய்த டாக்டரிடம் நஞ்சப்பன் கேட்டது ஒன்றுதான்: "காள போச்சுங்க சரி. விதை இருக்குதுங்களா?"

இருந்தது. ஒரு குவளை கொள்ளும் அளவுக்குக் குச்சிகள், நைட்ரஜன் கேனுக்குள்.

திரவ நைட்ரஜன் நாம் நினைக்கும் பனிக்கட்டி மாதிரி கிடக்காது. மூடி வைத்தாலும் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகிப் போய்க்கொண்டே இருக்கும். அதனால் மேலே ஊற்றிக்கொண்டே இருக்கவேண்டும். ஒரு மரக்குச்சியைக் கேனுக்குள் விட்டு எடுத்தால், எவ்வளவு உயரத்துக்கு வெண்பனி படிகிறதோ அவ்வளவு நைட்ரஜன் இருக்கிறது என்று கணக்கு. பெருந்துறை சிப்காட்டில் இருந்த வாயு ஆலை ஒன்றிலிருந்து தவறாமல் வண்டி வரும். அனுப்பிவைப்பவன் முஜீப் என்ற இளைஞன். வண்டி கிளம்பும்போதே போன் செய்து, "அக்கா, கேட்டத் தொறந்து வைங்க" என்பான்.

இரண்டாவது அலை எழுந்த சித்திரைக் கடைசியில் வண்டி வரவில்லை. கோகிலவாணி கூப்பிட்டாள்.

"இன்னைக்கு லோடு இல்லீங்கக்கா. ஆக்சிஜன் மட்டுந்தான் எடுக்கோணும்னு சொல்லிப்போட்டாங்க. நைட்ரஜன் லைனையே நிறுத்தியாச்சுங்க."

"எப்பத் தம்பி மறுபடி வரும்?"

"அது யாருக்குங்கக்கா தெரியும்? இங்க ஆஸ்பத்திரி வண்டிக வரிசையில நிக்குதுங்க."

அவள் மரக்குச்சியை ஒவ்வொரு கேனாக விட்டுப் பார்த்தாள். பனிக்கோடு எல்லாவற்றிலும் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. டாக்டரிடம் சொல்லலாம் என்று கூப்பிட்டபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. கோயம்புத்தூர் வீட்டில் காய்ச்சலோடு தனியறையில் கிடந்தார். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கினார்.

"எல்லாக் கேனையும் காப்பாத்த முடியாதும்மா. ரெண்டே ரெண்டுக்கு மாத்திரு. மத்ததுல இருக்கற நைட்ரஜன இதுல ஊத்து. குச்சியில... வேணுங்கறத மட்டும் வை."

"எதைங்க சார் வைக்கறது?"

"மலைக்காளைக. கலப்பினக் குச்சி எங்க வேணும்னாலும் கெடைக்கும். பெரியவன அடித்தட்டுல வை. நைட்ரஜன் கொறஞ்சா மேல்தட்டுதான் மொதல்ல காயும்."

"மலைக்காளைகளே ரெண்டு கேனுல அடங்காதுங்களே சார்."

அந்தப் பக்கம் இருமல் மட்டும் கேட்டது. "நீயே பாத்துக்கம்மா" என்றார். அதுதான் அவர் அவளிடம் கடைசியாகச் சொன்னது. அந்த வாரமே ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். எரியூட்டியபோது வீட்டு ஆட்களே இரண்டு பேர்தான் நின்றார்களாம். அறக்கட்டளை மேனேஜர் போனில் சொன்னபோது கோகிலவாணி கேன்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை. "சரிங்க, சரிங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மாற்றும் வேலையில் அவளோடு நின்றவர் ராமுலு. காளைகளைப் பிடிக்கவும் குளிப்பாட்டவும் தொடக்கத்திலிருந்து இருந்தவர். ஐம்பது வயதைக் கடந்தவர். தோல் கையுறை போட்டுக்கொண்டு கேன்களைச் சாய்த்தார். வெண்புகை தரையில் பரவி அவர்கள் கணுக்காலை மூடியது. கோகிலவாணி இடுக்கியால் குவளைகளைத் தூக்கி ஒரு கேனிலிருந்து இன்னொன்றுக்குக் கண்ணிமைக்கும் நேரத்தில் மாற்றினாள். தாமதித்தால் உள்ளே இருக்கும் உயிர் போய்விடும். இடமில்லாமல் போனதும் மிச்சத்தை வாளியில் போட வேண்டியிருந்தது. கலப்பினக் குச்சிகள் முதலில் போயின. பிறகு காங்கேயம் காளைகள். பிறகு மலைக்காளைகளிலேயே சில.

வாளியில் விழும் குவளையின் மேல் எழுதியிருந்த பெயரை ராமுலு எட்டிப் பார்த்தார். "இவன் என்னைய ஒருக்காத் தூக்கி எறிஞ்சவனுங்க அம்மணி" என்றார். "பொல்லாதவன்." கையுறைக் கையாலேயே கண்ணைத் துடைக்கப் போய், பிறகு நிறுத்திக்கொண்டார்.

வாளியிலிருந்த குச்சிகள் சிறிது நேரத்தில் வெளிக்காற்றின் சூடேறி, வெறும் பிளாஸ்டிக் குழல்களாகக் கிடந்தன. பல வருட ஆராய்ச்சி அது. அவளே அதை அள்ளிக் குழியில் கொட்டினாள்.

அடுத்த சில நாட்களில் திருமூர்த்திக்குக் காய்ச்சல் வந்தது. ஊரடங்கிலும் பால் நிற்காதே. வேனை நிறுத்த முடியாது என்று மாத்திரை போட்டுக்கொண்டே ஓட்டினான். ஒருநாள் காலையில் பால் கேனைத் தூக்கி வேனில் வைத்தவன் அப்படியே டயரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். மகள் கனிஷ்காவை அவினாசியில் தன் அண்ணன் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கோகிலவாணி அவனை ஆம்புலன்சில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனாள். ஆஸ்பத்திரி வாசலில் ஆம்புலன்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. உள்ளே படுக்கை காலியானால்தான் அடுத்த வண்டி நகரும். வண்டியிலிருந்த சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. திருமூர்த்தியின் உதடு நீலம் பூத்திருந்தது. அவள் கையை இறுகப் பிடித்திருந்தான்.

யாரைக் கேட்பது என்று தெரியாமல் அவள் போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனாள். முஜீப் பெயர் வந்ததும் கை நின்றது.

"தம்பி, நைட்ரஜனுக்கு இல்லீங்க. எங்கூட்டுக்காரருக்கு மூச்சு வுட முடியல. ஒரு சிலிண்டரு, ஒண்ணே ஒண்ணு..."

முஜீப் ஆலையின் இரைச்சலிலிருந்து ஒதுங்கி வந்து பேசினான்.

"அக்கா, எனக்கு அதிகாரம் இல்லீங்கக்கா. தனி ஆளுக்குக் குடுக்க உடமாட்டாங்க. எங்க சித்தப்பாவுக்கே என்னால குடுக்க முடியலீங்க." பிறகு அவசரமாகச் சொன்னான்: "இப்ப ஒரு லாரி கோயமுத்தூருக்குத்தான் கெளம்பியிருக்குதுங்க. அவினாசி தாண்டியிருக்கும். மாமாவ எப்படியாவது உள்ள சேத்திருங்க. அது வந்துரும். கண்டிப்பா வந்துரும்."

பிற்பகலில் படுக்கை கிடைத்தது. முகத்தில் மாஸ்க்கை வைத்துக் குழாயைத் திறந்ததும் திருமூர்த்தியின் நெஞ்சு ஏறி இறங்கியது. கோகிலவாணி சுவரில் சாய்ந்து நின்று அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது எங்கிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். நைட்ரஜனை நிறுத்திவிட்டு எடுத்த ஆக்சிஜன். அந்த லாரி ஒருநாளும் நிற்கக்கூடாது, அந்த ஆலை வேறு எதையும் செய்யக்கூடாது என்று தெரிந்த சாமியையெல்லாம் வேண்டினாள். வேண்டும்போதே கேன்களில் இறங்கும் பனிக்கோடு கண்ணுக்குள் வந்தது. அவள் அதைத் தள்ளினாள். அது மறுபடி வந்தது.

அதற்குப் பிறகு நைட்ரஜன் கேட்டு முஜீப்பைக் கூப்பிட அவளுக்கு வாய் எழவில்லை.

செவிலியர்களுக்குக் கை போதாததால், நோயாளியோடு ஒருவர் கவச உடை போட்டு உள்ளே இருக்க விட்டார்கள். அவனைக் குப்புறப் படுக்கவைப்பதும், கஞ்சி ஊட்டுவதும், மாஸ்க் நழுவாமல் பார்ப்பதும் அவள் வேலை. பக்கத்துப் படுக்கைகளில் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். சிலர் வீட்டுக்குப் போனார்கள். சிலரைத் துணியில் சுற்றிக் கொண்டுபோனார்கள். திருமூர்த்தி கண்களைத் திறந்தால் அந்தப் பக்கம் தெரியாதபடி அவள் நகர்ந்து உட்கார்ந்துகொள்வாள்.

ராமுலு பண்ணையிலிருந்து கூப்பிட்டார். "அம்மணி, ஒரு கேனு கழுத்தெல்லாம் வேர்த்துக் கெடக்குதுங்க."

கேன் வெளியே வியர்த்தால், அதன் இரட்டைச் சுவருக்கு நடுவிலிருக்கும் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம். இனி அது சாதாரணப் பாத்திரம்தான்.

"உள்ள எவ்வளவு இருக்குதுங்க? மரக்குச்சி உட்டுப் பாருங்க."

"அடியில ஒரு வெரக்கட அளவுதானுங்க."

"அதைய அப்பிடியே பெரியவன் இருக்கற கேனுல ஊத்திருங்க."

"அப்ப இதுல இருக்கறவங்க?"

"உட்டுருங்க" என்றாள். அதைச் சொல்லிவிட்டுக் கவச உடைக்குள் வியர்வையோடு வியர்வையாக அழுதாள்.

வைகாசி பாதியில் முஜீப் தானாகவே கூப்பிட்டான். "அக்கா, பழைய டேங்கு ஒண்ணுல அடியில கொஞ்சம் நைட்ரஜன் கெடக்குதுங்க. நாளைக்கு அதையும் சுத்தம் பண்ணி ஆக்சிஜனுக்கு மாத்தறாங்க. எப்படியும் வெளியதான் உடப்போறாங்க. இன்னைக்குள்ள வந்தா உங்க கேனுல புடிச்சுத் தாரேன்."

அன்று காலைதான் திருமூர்த்தியை வென்டிலேட்டருக்கு மாற்றவேண்டி வரலாம் என்று ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அவள் படுக்கையைப் பார்த்தாள். அவன் விழித்திருந்தான். பேச்சைக் கேட்டிருப்பான் போல. மாஸ்க்குக்குள் ஏதோ முனகினான். அவள் குனிந்தாள்.

"போ" என்றான்.

"எங்கியும் போகல நானு. பேசாமப் படுங்க."

அவள் போகவில்லை. ராமுலுவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவருக்கு வேன் ஓட்டத் தெரியாது. தன் டிவிஎஸ் வண்டியின் பின்னால், ஊர் ஊராகச் சினை ஊசி போட எடுத்துப்போகும் சிறிய கேனைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு பெருந்துறைக்குக் கிளம்பினார். வழியில் போலீஸ் மறித்தது. மாட்டுப் பண்ணைக்கு நைட்ரஜன் என்று அவர் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. மனுசன் சாகையில் மாட்டுக்கென்னய்யா என்று ஒருவர் கேட்டாராம். ராமுலு பதில் பேசாமல் வண்டியைத் திருப்பினார். கண்ணுக்கு மறையும் வரை வந்து, ஓர் இட்டேரிக்குள் நுழைந்தார். கிளுவை வேலிக்கு நடுவே, தோட்டம் தோட்டமாகப் போகும் வண்டிப்பாதைகளிலேயே சுற்றிப் போய்ச் சேர்ந்தார். திரும்பும்போதும் அப்படித்தான்.

"குலுங்கிக் குலுங்கிப் பாதி ஆவியாவே போயிருச்சுங்க அம்மணி" என்றார் போனில். "மீதிய ஊத்திப்போட்டேன். பெரியவன் நனையறான். அவன் மட்டுந்தான் நனையறான்."

திருமூர்த்தியை வென்டிலேட்டருக்கு மாற்றவில்லை. ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் ஆக்சிஜன் அளவு இறங்குவது நின்றது, பிறகு மெல்ல ஏறியது. ஆனி பிறந்த பின் வீட்டுக்கு அனுப்பினார்கள். நுரையீரலில் பெரும்பகுதி தழும்பேறிவிட்டது, பழையபடி ஆகாது என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஒரு மிஷினோடு அவன் வீடு வந்தான்.

மறுநாளே கோகிலவாணி பண்ணைக்குப் போனாள். மரக்குச்சியைக் கேனுக்குள் விட்டு எடுத்தாள். பனி படியவே இல்லை. குச்சி காய்ந்த குச்சியாகவே வந்தது. கேனுக்குள் கைகாட்டினால் குளிர் அடித்தது. ஆனால் அது எவ்வளவு குளிர், எத்தனை நாளாக அப்படி இருந்தது என்று யாரால் சொல்ல முடியும்? அந்த வாரக் கடைசியிலேயே நைட்ரஜன் வண்டி மறுபடி வந்தது. புகை பொங்கக் கேனை நிரப்பினார்கள். உள்ளே இருந்தவை உயிரா பிணமா என்று தெரியாமலே நிரப்பினார்கள்.

தெரிந்துகொள்ள ஒரே வழிதான். குச்சியை எடுத்து வெதுவெதுப்பான நீரில் வைத்து உருக்கி, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டால் அந்தக் குச்சி தீர்ந்தது. மறுபடி உறையவைக்க முடியாது. பெரியவனுடையவை இருப்பதே ஒரு குவளை. உயிரோடிருக்கிறதா என்று பார்ப்பதற்கே உயிரைச் செலவழிக்க வேண்டும்.

முதல் குச்சியை உருக்கினாள். கண்ணாடித் துண்டின் மேல் எதுவும் அசையவில்லை. வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தாள், குறைத்துப் பார்த்தாள். வாலை நீட்டியபடி அத்தனையும் செத்துக் கிடந்தன. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

வாசலில் நின்ற ராமுலு, "இன்னொண்ணு பாருங்க அம்மணி" என்றார்.

"எதுக்குங்க? இல்லீங்கறதத் திரும்பத் திரும்பப் பாக்கவா?"

"குவளைக்கு நடுவுல இருக்கறதுல ஒண்ணு பாருங்க. ஓரத்துல இருக்கறது மொதல்ல காஞ்சிருக்குமில்லீங்க?"

அவர் கணக்கு சரியோ தப்போ, அவளுக்கு அதை மறுக்கவும் தெம்பில்லை. நடுவிலிருந்து ஒன்றை எடுத்தாள். உருக்கினாள். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். செத்தவை, செத்தவை, செத்தவை. ஒரு மூலையில் ஏதோ துடித்தது. தூசியாக இருக்கும் என்று நினைத்தாள். அது வளைந்து நகர்ந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. நல்ல குச்சி என்று சொல்வதற்குப் பாதிக்கு மேல் நீந்த வேண்டும். இதில் விரல்விட்டு எண்ணிவிடலாம். டாக்டர் இருந்திருந்தால் இதைத் தள்ளுபடி என்றுதான் எழுதியிருப்பார்.

"நீந்துதுங்க" என்றாள். "கொஞ்சூண்டு."

அறக்கட்டளைத் தலைவர் லட்சுமிநாராயணன் பண்ணைக்கு வந்தார். வயதான மில் முதலாளி. கிருபாசங்கரின் நாற்காலியைப் பார்த்தபடி நின்றார். "டாக்டரே இல்லீங்களேம்மா. ஆராய்ச்சிய யாரு நடத்தறது? வருசக் கடைசியோட லேப மூடீரலாம்னு இருக்கறோமுங்க" என்றார். கோகிலவாணி அதுவரை அந்தக் குச்சிகளை மலைக்குக் கொண்டுபோக மட்டும் அனுமதி கேட்டாள். தலையசைத்தார்.

நஞ்சப்பனின் பட்டியில் மிஞ்சியிருந்தவற்றில் நல்ல பசு ஒன்று இருந்தது. மற்ற காளைகள் அண்டாமல் அதைக் காட்டுக்கு விடாமல் கட்டியே வைத்துத் தீனி போட்டார். அது பருவத்துக்கு வந்து சினைக்குக் கத்தினால், போன் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி அவளைக் கூப்பிடுவார். அவள் திருமூர்த்தியின் மிஷினைச் சரிபார்த்துவிட்டு, அவினாசியிலிருந்து திரும்பியிருந்த கனிஷ்காவிடமும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடமும் சொல்லிவிட்டு, சிறிய கேனோடு ராமுலுவைக் கூட்டிக்கொண்டு அந்தியூருக்குப் போவாள். அங்கிருந்து ஒரு கால்நடை மருத்துவர் தன் ஜீப்பில் மலைக்கு ஏற்றிப்போவார். உயிர் குறைவு என்பதால் இரண்டிரண்டு குச்சியாகச் சேர்த்துப் போட்டார்கள்.

முதல் முறை சினை நிற்கவில்லை. மூன்று வாரம் கழித்து நஞ்சப்பன் கூப்பிட்டபோது, போனில் அவர் பெயரைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. "கத்துதுங்க அம்மணி" என்றார், ஏதோ தன் குற்றம் மாதிரி. மறுபடி போனார்கள். மறுபடி நிற்கவில்லை. அடுத்தடுத்து அப்படியே. ஒருமுறை மழையில் மலைப்பாதை அடைபட்டு, போய்ச் சேருவதற்குள் பருவம் கடந்துவிட்டது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் கேன் கனம் குறையவில்லை. குவளைதான் காலியாகிக்கொண்டு வந்தது.

கார்த்திகையில் கடைசிக் குச்சிகளைப் போட்டார்கள். மருத்துவர் கையைக் கழுவிக்கொண்டே, "இதுக்கு மேல நம்ம கையில ஒண்ணுமில்லீங்க" என்றார்.

மூன்று வாரம் ஆயிற்று. பசு கத்துகிறது என்று நஞ்சப்பனிடமிருந்து போன் வரவில்லை. அவள் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். மணி அடிக்கும்போதெல்லாம் யார் பெயர் என்று பார்த்தாள். நான்காவது வாரமும் போயிற்று. வருடக் கடைசியில் லேபை மூடினார்கள். கேன்கள் வேறொரு பண்ணைக்குப் போயின. காளைகளோடு ராமுலுவும் அங்கேயே போனார். கோகிலவாணி அன்னூரில் பால் குளிரூட்டும் நிலையத்தில் கொழுப்புச் சத்துப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். தையில் மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சினை என்றார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்று பயம்.

ஆவணியில் ஒருநாள் நஞ்சப்பன் கூப்பிட்டார். பசு முந்தைய நாளிலிருந்து கஷ்டப்படுகிறது என்றார். அவள் வேலைக்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் மலையேறியபோது மருத்துவர் பட்டியில் சேற்றில் மண்டியிட்டிருந்தார். கன்று காலை மடக்கிக்கொண்டு சிக்கியிருந்தது. பசு கத்தக்கூட முடியாமல் கிடந்தது. நஞ்சப்பன் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு தன் தாய்மொழியான கன்னடத்தில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் இழுத்த பின் கன்று விழுந்தது. அசையவில்லை. மருத்துவர் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் விலாவைத் தேய்த்தார். கோகிலவாணி அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளும் தேய்த்தாள். கை கடுக்கத் தேய்த்தாள். கன்று ஒருமுறை தும்மியது.

செம்மண் நிறம். நெற்றியிலும் வயிற்றிலும் வெள்ளைத் திட்டு. நஞ்சப்பன் வாலைத் தூக்கிப் பார்த்தார்.

"கிடாரிங்க அம்மணி."

காளைக்கன்றாக இருந்திருந்தால் அதிலிருந்து மறுபடி குச்சி எடுக்கலாம், மலைக்கே அதன் வழி பெருகும் என்று அவள் எத்தனையோ நாள் கணக்குப் போட்டிருந்தாள். குச்சி எதுவும் மிச்சமில்லை. ஒரே ஒரு கிடாரி. அவளுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. வாலிலிருந்து நான்கைந்து மயிரை வேரோடு பிடுங்கிக் கவரில் போட்டுக்கொண்டாள். காட்டில் வேறு காளை சேர்ந்திருக்கும் என்று நாளைக்கு யாராவது சொல்வார்கள். மரபணுச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். சில மாதம் கழித்து முடிவும் வந்தது. பெரியவனின் கன்றுதான்.

கன்று பிறந்த அன்று அவள் வீடு திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. திருமூர்த்தி மிஷின் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மூக்கில் குழாய்.

"என்ன கன்னு?" என்றான்.

"கிடாரிங்க."

அவன் அடுத்த கேள்விக்குக் கொஞ்சம் மூச்சு சேர்க்க வேண்டியிருந்தது. "எந்திரிச்சு நின்னுச்சா?"

"நின்னுச்சுங்க. ரெண்டு தடவ உழுந்துபோட்டு அப்புறம் நின்னுச்சு."

"டாக்டர் இருந்திருந்தா..." என்று தொடங்கினான்.

அவ்வளவுதான். டாக்டர் இறந்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. கையிலிருந்த பையைக் கூடக் கீழே வைக்காமல், வாசற்படியிலேயே உட்கார்ந்து, வாய்விட்டு அழுதாள். திருமூர்த்தி பதறி எழுந்தான். இரண்டடி வைத்ததும் மூக்குக் குழாய் இழுத்துப் பிடித்தது. அதற்கு மேல் அது எட்டவில்லை. அவன் அங்கேயே நின்று, "கோகிலா, இங்க வா புள்ள, இங்க வா" என்று கையை நீட்டிக்கொண்டிருந்தான். அவள்தான் எழுந்துபோய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.